பாண்டி வாங்கி வந்த ரிலே

தம்பிகளே, நம் வண்டி ஒயரிங்காரர்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். பழைய டெம்போ ஒன்றின் ரிலே சாக்கெட். உள்ளே ரிலே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு ஒயர். கீழே ஒரு வரி: "சாக்கெட் உருகிப்போச்சு, டைரக்ட் குடுத்துட்டேன், வண்டி ஓடுது." அதற்கு எத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள் என்று பார்த்தேன். பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஓய்வு பெற்றதும், புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டீர்கள். எந்த வண்டியை எப்படிச் சரி செய்தேன், யார் பாராட்டினார்கள் என்று இனிப்பாக எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தப் படம் வந்த பிறகு அது முடியவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன். படிக்கிற உங்களுக்கும் கோபம் வந்தால் சந்தோஷம்.

டைரக்ட் என்றால் என்னவென்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் இதை உங்கள் வீட்டில் யாராவது படிக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர் வெங்காய மண்டியில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்து கையைக் காட்டுவார். மூட்டையைத் தூக்குகிறவர் வேறொருவர். வண்டியில் சாவியும் சுவிட்சும் கணக்குப்பிள்ளை. ரிலே மூட்டை தூக்குகிறவர். பெரிய விளக்குக்கும் ஹாரனுக்கும் வேண்டிய கனமான மின்சாரம் ரிலே வழியாகப் போகும். சாவியை அணைத்தால் ரிலே கையை விட்டுவிடும், மின்சாரம் நின்றுவிடும். ஏதாவது கோளாறு என்றால் பக்கத்திலிருக்கும் ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றும். டைரக்ட் என்பது இந்த இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக ஒயரை இழுத்து விடுவது. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நீங்கள் சாப்பிடப் போகலாம். அந்த ஒயர் மட்டும் முழு உயிரோடு அங்கேயே கிடக்கும்.

இதைச் செய்துவிட்டு நாம் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது. "ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், தைப்பூசத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நடந்தது. அப்போது நான் ஷெட்டில்தான் இருந்தேன்.

ஷெட் என்றால் என்னுடைய ஷெட் மட்டுமல்ல. நானும் ராசுவும் சேர்ந்து வைத்திருந்தது. ராசுவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், திண்டுக்கல்லில் அவனைப் போல ஒயரிங் செய்கிற கை இன்னொன்று கிடையாது. சின்ன வயதில் நூல் மில்லில் வேலை பார்த்தவன். அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் பழகிப்போனவன். ஒயரை டேப் சுற்றி முடித்ததும் கடைசியில் நூலால் ஒரு முடிச்சுப் போடுவான். மில் முடிச்சு. வேறு யாருக்கும் அது வராது, எனக்கும் வரவில்லை. அவனுடைய சொந்த வேனின் பானெட்டைத் திறந்து காட்டினால் புது ஆட்கள் வாயைப் பிளப்பார்கள். ஒவ்வொரு ஒயரும் வகிடு எடுத்து வாரியதுபோல் கிடக்கும். நானே எத்தனையோ பேரைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

நான் வேதக்காரன், கிறிஸ்தவன்; அவன் முருக பக்தன். ஆனால் அவன் மகளுக்குக் காது குத்தியபோது என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தினார்கள். அன்றிலிருந்து அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தை மாதம் வந்தால் நம் பழனி ரோடு எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். நடந்து போகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னால் ஒரு வேன் போகும். அதில் அரிசி, பாத்திரம், கேஸ் அடுப்பு, படுக்கை, கால் கொப்புளம் வந்து நடக்க முடியாதவர்கள். மேலே முருகன் படம், அதைச் சுற்றி சீரியல் லைட், குழாய் ஸ்பீக்கர், முன்னால் இரண்டு பெரிய விளக்கு. இந்த வேலையெல்லாம் கடைசி வாரத்தில்தான் நம்மிடம் வரும். பழைய வண்டியாகப் பார்த்துத்தான் வாடகைக்குப் பிடிப்பார்கள். அந்தக் கடைசி வாரம்தான் டைரக்ட் காலம். ஷெட்டுக்கு ஷெட் டைரக்ட். அதை நாம் ஒரு குறையாகவே நினைப்பதில்லை.

சாணார்பட்டிப் பக்கத்துக் கூட்டம் ஒன்றின் வேன் அந்த வாரம் ராசுவிடம் வந்திருக்கிறது. நான் அப்போது கொடைரோட்டில் என் தங்கை பேரனின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன். டிரைவர் பெயர் பாண்டி. வண்டி அவனுடையது இல்லை, திண்டுக்கல்லில் ஒரு முதலாளியுடையது. பாண்டி அந்தக் கூட்டத்தின் ஊர்க்காரன்தான். வண்டி ஓட்டப் போகிறவன் என்றாலும் அவனும் மாலை போட்டிருந்தான்.

பூசத்துக்கு முன்னால் எங்கள் தெருப் பிள்ளைகள் வருடா வருடம் பழனி ரோட்டில் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். எங்கள் தெரு முழுக்க அந்தோணியார் கோவில் ஆட்கள். முருகன் பக்தர்களுக்கு மோர் ஊற்றுவது எங்களுக்குப் பழக்கம். அந்த வருடம் பந்தல் போட்ட ஒரு நாள் மத்தியானம் நானும் அங்கே நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாணார்பட்டிக் கூட்டம் வந்து புளியமரத்தடியில் படுத்தது. வேனை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டுப் பாண்டி என் முன்னால் வந்து நின்றான். மாலை, பச்சை வேட்டி, வெறுங்கால். வண்டிச் சாவியை விரலில் மாட்டியிருந்தான்.

"இன்னொரு டம்ளர் குடுங்கண்ணே. தொண்டை காஞ்சு கெடக்கு."

ஊற்றினேன். அவன் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பின்னால் வேனின் முன் கண்ணாடிக்குள் புகை எழுந்தது.

யாரோ கத்தினார்கள். எல்லாரும் ஓடினோம். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கறுப்புப் புகை. சீட்டு பற்றிக்கொண்டது. "கீயை ஆஃப் பண்ணுடா! கீயை ஆஃப் பண்ணு!" என்று சுற்றி நின்றவர்கள் எல்லாம் பாண்டியைப் பார்த்துக் கத்தினார்கள்.

பாண்டி கையைத் தூக்கிக் காட்டினான்.

"சாவி என் கையிலதான்டா இருக்கு!"

எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. சாவி வெளியே இருக்கும்போது உள்ளே எரிகிறது என்றால் டைரக்ட்தான். வேறொன்றும் இல்லை.

உள்ளே ஆள் இருந்தது. சின்னச்சாமி என்று ஒருவர், கால் கொப்புளத்தால் நடக்க முடியாமல் பின்னால் படுக்கை மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தார். புகையில் விழித்தவர் வெளியே குதிக்காமல், எரிகிற சீட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்து எறியப் பார்த்தார். கேஸ் சிலிண்டர் அவருக்குப் பின்னால் நின்றது. பாண்டி பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினான். சின்னச்சாமியைக் கட்டிப்பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். திரும்ப ஏறி சிலிண்டரைத் தூக்கி வந்தான். ஒருவரும் அவனுக்கு உதவிக்கு ஏறவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

முன்னால் ஒரு பிள்ளை டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, கையில் சிக்கிய ஒயரை எல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏலே, கையை எடு! ஒருத்தனும் ஒயரைத் தொடாதே! மோரைக் கீழ வைங்கப்பா!"

பிடுங்கப் பிடுங்க ஒயர் இன்னொரு இடத்தில் உரசி அங்கேயும் பற்றும். மின்சாரம் ஓடும்போது மோரை ஊற்றினாலும் தீ நிற்காது. எரிகிற இடத்தில் நமக்கு வேலையில்லை. மின்சாரம் புறப்படுகிற இடத்தில்தான் வேலை. அந்த வேனில் பேட்டரி இடது பக்கச் சீட்டுக்கு அடியில் இருக்கும். தீ டிரைவர் பக்கம் இருந்ததால் அதைத் தூக்க முடிந்தது. என்னிடம் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. மோர் ஊற்ற வந்தவனிடம் ஸ்பேனர் எப்படி இருக்கும்? பந்தலுக்குப் பக்கத்தில் இளநீர் வெட்டுகிறவரிடம் அரிவாளை வாங்கினேன்.

இங்கேதான் நான் செத்த நேரம் நின்றேன். புகை முகத்தில் அடிக்கிறது, எல்லாரும் "வெட்டுங்கண்ணே, வெட்டுங்கண்ணே" என்று கத்துகிறார்கள். பேட்டரியிலிருந்து இரண்டு தடி ஒயர் போகிறது. இரண்டுமே கிரீஸ் பிடித்துக் கறுப்பாக இருந்தன. நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தவறானதை வெட்டினால் அரிவாள் வண்டியின் இரும்பில் பட்டதும் பெரிய பொறி பறக்கும், தீ இரண்டாகும். விரலால் ஒன்றைத் தடவிக்கொண்டே போனேன். அது வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்டு முடிந்திருந்தது. அதுதான் எர்த். அதை ஒரே வெட்டாக வெட்டினேன். அதற்குப் பிறகுதான் மண்ணைப் போடச் சொன்னேன். புகை அடங்கியது.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். சுற்றி நிற்பவர்கள் கத்தத்தான் செய்வார்கள். அவர்களுக்காக அவசரப்படாதீர்கள். எது எர்த் என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

சின்னச்சாமியின் இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிருந்தன. கனகாம்பரத் தோட்டம் வைத்திருப்பவர். பூப்பறிக்கிற கை. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எனக்கு அப்போதே கோபம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் அதற்குப் பிறகு வந்தது.

வண்டி முதலாளி வந்தார். இறங்கியதும் வண்டியைப் பார்த்தார், பாண்டியைப் பார்த்தார், சின்னச்சாமியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"பீடியை உள்ள போட்டுட்டு வந்திருப்பான். இவன் பீடி குடிக்கிறவன்தானே? ஊருக்கே தெரியும்."

"மொதலாளி, மாலை போட்டவன் நான். தொட்டுப் பல நாள் ஆச்சு" என்றான் பாண்டி.

"மாலை போட்டா? மறைவா குடிக்கிறதுக்கு மாலை என்ன தடுக்குமா?"

கூட்டத்தின் குருசாமி அதுவரை பேசாமல் நின்றிருந்தார். அவருக்கும் பயம். கூட்டி வந்த ஆளுக்குக் கை வெந்துவிட்டது, நாளைக்கு ஊருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். முதலாளி சொன்னது அவருக்கு ஒரு பதிலாகக் கிடைத்தது. பெண்கள் சிலர் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விரதம் கெட்டவன் வண்டி ஓட்டினால் முருகன் சும்மா விடுவானா என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் ஆமாம் என்றார்.

"பாண்டி, மாலையைக் கழட்டிரு அப்பு" என்றார் குருசாமி.

"சாமி, நான் சத்தியமா..."

"கழட்டு. நீ இனிமே எங்ககூட வர வேண்டாம்."

எரிகிற வண்டிக்குள் இரண்டு தடவை ஏறியவன் அவன். எல்லாரும் பார்த்தார்கள். ஆனாலும் அவன் கழுத்திலிருந்து மாலையைக் கழற்ற வைத்தார்கள். "டைரக்ட் ஒயர்தான் காரணம், பீடி இல்லை" என்று நான் கத்திச் சொன்னேன். மோர் ஊற்றுகிறவர் சொல்வதை யார் கேட்பார்கள்? கூட்டம் எழுந்து நடந்துவிட்டது. பாண்டி புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் அழவில்லை. மாலையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து, ஒயரிங் யார் செய்தது என்று கேட்டேன்.

"உங்க ஷெட்டுலதாண்ணே. ராசு அண்ணன்."

அவனே சொன்னான்.

"ரிலே போயிருச்சு, புதுசு போடணும்னு அண்ணன்தான் சொன்னாரு. கையில ஸ்டாக் இல்ல, இப்ப டைரக்ட் தாரேன், யாத்திரை முடிஞ்சு வான்னாரு. எனக்கு மனசு கேக்கல. ஆளு படுக்கிற வண்டியாச்சே. கடை கடையா ஏறி எறங்கி நானே ஒரு ரிலே வாங்கியாந்தேன். மறுநா கொண்டுபோய்க் குடுத்தேன். கூட்டமா இருந்துச்சு. 'ஓடுதுல்ல? அப்புறம் என்ன? டேஷ்போர்டுல வையி, வந்து மாட்டிக்கலாம்'னுட்டாரு. வச்சேன்."

மறுநாள் வேனைக் காவல் நிலையத்து வாசலில் இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். ஒயரிங் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எஸ்.ஐ. சங்கத்தில் கேட்டார். நானே போனேன். அவர் பக்கத்தில் நிற்க, டேஷ்போர்டைக் கழற்றினேன். ரிலே சாக்கெட்டில் ஒரு துண்டு ஒயர். ஃபியூஸ் இருக்கும் இடத்திலும் ஒரு துண்டு ஒயர். அங்கிருந்து போன ஒயர் இரும்பு ஓரத்தில் உரசி உரசித் தோல் போய், பாடியில் பட்டு எரிந்திருந்தது. எரியாமல் மிஞ்சியிருந்த ஒரு சாண் ஒயரின் முனையில் டேப். டேப்பின்மேல் நூல் முடிச்சு.

மில் முடிச்சு.

டேஷ்போர்டு அறையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. பாதி கருகியது. திறந்தேன். உள்ளே ரிலே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். அதை மாட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள். ஒயர்த் துண்டைப் பிடுங்கிவிட்டு அதை அழுத்திச் செருகினால் முடிந்தது. மோர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. பாண்டி கொண்டு வந்து கையில் கொடுத்தானே! கடைக்குப் போகச் சொன்னானா, காத்திருக்கச் சொன்னானா? இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

எஸ்.ஐ. நிதானமான ஆள். "இது பீடி இல்லைன்னு எனக்கே தெரியுது. யார் வேலைன்னு தெரியணும். நாளைக்குக் காலைல எல்லாரும் வாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். நம் ஆட்கள்தான். பெயர் எழுதவில்லை, படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். ராசு கடைசியில் வந்தான்.

"நம்ம ஆளை நாமளே காட்டிக் குடுக்கிறதா மைக்கேலண்ணே? நாளைக்கு நமக்கு இதே கதி வராதா? டிரைவருக்கு என்ன, வேற வண்டி ஏறிக்குவான்" என்றார் ஒருவர்.

"அவன் மாலையைக் கழட்ட வச்சிருக்காங்கய்யா. ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா அவன்?" என்றேன்.

மற்றவர்கள் போன பிறகு ராசு மட்டும் இருந்தான். என் மனைவி கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"மச்சான், நான் செஞ்சதுதான். இல்லைன்னு சொல்லல. நீ பார்த்ததைச் சொல்லு. ஆனா ஒண்ணு. தெரியாமச் செஞ்சிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. இம்புட்டு ஆபத்து வரும்னு அவனுக்குத் தெரியாதுன்னு சொல்லிரு. அது போதும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. அவன் மகளை மடியில் வைத்தவன் நான். அவன் கண் கலங்கியபோது என் கண்ணும் கலங்கியது.

மறுநாள் காலையில் நான் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். காவல் நிலைய வாசலில் பாண்டி நின்றான். கழுத்து வெறுமையாக இருந்தது. வெறுங்காலோடுதான் இன்னும் நின்றான். மாலைதான் போய்விட்டது, விரதத்தை அவன் விடவில்லை. சின்னச்சாமியின் தம்பி வந்திருந்தார், குருசாமியையும் வரச் சொல்லியிருந்தார்கள், முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ராசு தன் வேனில் வந்தான். எரிந்த வேனுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். வேறு இடம் இல்லை.

எஸ்.ஐ. கேட்கக் கேட்க நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். சாக்கெட், ஃபியூஸ், உரசிய இடம், முடிச்சு, பெட்டியில் இருந்த ரிலே. ராசு தலையைக் குனிந்து ஆமாம் என்றான். பீடி இல்லை என்று ஆனதும் குருசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

அப்போது எஸ்.ஐ. என்னைப் பார்த்து, "இவர் தெரியாமத்தானே செஞ்சிருப்பார்? இப்படி ஆகும்னு தெரிஞ்சிருக்காதில்ல?" என்றார்.

ராசு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பாண்டி என்னைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அங்கே பார்த்தேன். எரிந்த வேனும் ராசுவின் வேனும் அடுத்தடுத்து நின்றன. இரண்டும் ஒரே மாடல், ஒரே வயதுப் பழைய வண்டி. இத்தனை வருடம் ராசு வேனின் பானெட்டைத் திறந்து ஆட்களுக்குக் காட்டியவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"தெரியும் சார்" என்றேன். "நல்லாத் தெரியும். அவர் வண்டி வெளியதான் நிக்குது. பானெட்டைத் திறந்து பாருங்க."

"மச்சான்..." என்றான் ராசு.

எல்லாரும் வெளியே வந்தோம். பானெட்டை நானேதான் தூக்கினேன்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் நான் சொல்ல வேண்டியது வேறு. வழக்கு நடந்தது, இன்னும் முடியவில்லை. சின்னச்சாமியின் வலது கை சரியாகிவிட்டது, இடது கையை முழுதாக மடக்க முடியவில்லை, பூப்பறிக்க ஆள் வைத்திருக்கிறார். அந்தக் குருசாமி அடுத்த வருடம் பாண்டிக்குத் தன் கையாலேயே மாலை போட்டார். அந்த வருடம் பாண்டி வண்டி ஓட்டவில்லை, நடந்தே பழனிக்குப் போனான். போகிற வழியில் எங்கள் பந்தலில் மோர் குடித்தான். ராசு ஷெட்டின் நடுவே தகரம் அடித்தான். நான் வேலையை விடுகிற வரைக்கும் தகரத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். நம் ஆட்கள் சிலர் இன்றைக்கும் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டாம். பந்திச் சோறு எனக்கு ஒன்றும் பெரிதில்லை.

தெரியாமல் செய்கிறவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொல்லிக் கொடுத்தால் திருந்திவிடுவான். எனக்குக் கோபம் எல்லாம் தெரிந்தவன்மேல்தான். உங்கள்மேலும்தான். அந்தப் படத்தைப் போட்டவர் சொந்த வண்டிக்கு அப்படிச் செய்வாரா? கட்டைவிரலைத் தூக்கிய நீங்கள், உங்கள் பெண்டாட்டி பிள்ளை ஏறுகிற வண்டியில் ஃபியூஸை எடுத்துவிட்டு ஒயர் செருகுவீர்களா? செருக மாட்டீர்கள். எனக்குத் தெரியும். உங்கள் வண்டிகளின் பானெட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு ராசுவின் பானெட்டுக்குள் வெயில் நேராக விழுந்தது. விளக்குக்கு ஒரு ரிலே, ஹாரனுக்கு ஒரு ரிலே, முன்னால் மாட்டிய பெரிய விளக்குக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று. வரிசையாகத் தகட்டில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஃபியூஸ். ஒயர் எங்கேயும் இரும்பைத் தொடாமல் ரப்பர் குழாய் போட்டு, முனைக்கு முனை மில் முடிச்சு. துடைத்து வைத்திருந்தான். எஸ்.ஐ. எட்டிப் பார்த்துவிட்டு ராசுவைப் பார்த்தார். கேட்க என்ன இருக்கிறது?

பாண்டிதான் கிட்டே வந்தான். ராசுவின் சட்டையைப் பிடிப்பான், அடிப்பான் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன். அவன் அப்படி எதுவும் செய்யவில்லை. குனிந்து ஒவ்வொரு ரிலேயாகப் பார்த்தான். ஒன்றை விரலால் தொட்டுக்கூடப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து ராசுவிடம் கேட்டான்.

"இம்புட்டு அழகா மாட்டியிருக்கீகளேண்ணே. நான் கொண்டாந்தது ஒண்ணே ஒண்ணுதானேண்ணே?"